குளுவாங் எண்ணெய் ஆலையில் மைனஸ் இரண்டு

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. ஸ்கூடாய் ஊரில், நச்சுவாயுவைக் காட்டிக்கொடுக்கும் கேஸ் டிடெக்டர்களைச் சரிபார்க்கும் கடையில் வேலை செய்யும் என் அக்கா கவிதா, "குளுவாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போறேன், வர்றியா?" என்றாள். ஆலைக்கா? ஆளை விடு என்றேன். வழியில் சாப்பிட ரொட்டி சானாய் பரோட்டா உண்டு என்றதும் மனதை மாற்றிக்கொண்டேன்.

காலை 7.40க்குப் புறப்பட்டோம். சிம்பாங் ரெங்கம் வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர். டோல், பெட்ரோல் சேர்த்து நாற்பது ரிங்கிட். அது நாற்றத்துக்குப் பேர்போன டுரியான் பழத்தின் சீசன். அக்காவுக்கோ அந்த வாடையே ஆகாது. அவள் பெட்ரோல் போட்ட பத்து நிமிடத்தில், பக்கத்துக் கடையில் இருபது ரிங்கிட்டுக்கு மூன்று பழம் வாங்கி, ஒன்றைப் பிளக்கவும் சொல்லி, அவள் சீட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். இப்போது கத்துவாள், இதோ கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவே இல்லை. மூன்று நாளாகச் சளி. அவள் மூக்கு என்னைவிடப் பெரிய விடுமுறையில் இருந்தது. மூடிய ஜன்னலுக்குள் அந்த வாடையை முழுசாக அனுபவித்தவன் நான் ஒருவன்தான்.

9.15க்கு ஆலையை அடைந்தபோது நல்ல மழை. அங்கே சேறு படிந்த ஒரு தொட்டியைச் சுத்தம் செய்ய ஆலைத் தொழிலாளி சேவியர் அண்ணன் இறங்கவேண்டும். அந்தச் சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் நாற்றமே தெரியாது, ஆள் சுருண்டுவிடுவார். அதனால் டிடெக்டர் சரி என்று சொன்னால்தான் இறங்கலாம்.

வேலையிடத்தில் முதலில் டிடெக்டரைச் சுத்தமான காற்றில் வைத்து, 'இதுதான் பூஜ்யம்' என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். மழை என்பதால் அக்கா அதைக் காருக்குள்ளேயே முடித்துவிட்டாள். மழை விட்டுத் தொட்டிப் பக்கம் நடந்தோம். திறந்தவெளியில் திரை காட்டியது: மைனஸ் இரண்டு.

சேவியர் அண்ணன் இடுப்பு வாரை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "மைனஸ்னா நல்லதுதானே லா. இருக்குற கேஸையும் மிஷின் தின்னுடுச்சு போல."

"மிஷின் பொய் சொல்லுதுண்ணே. எறங்காதீங்க" என்றாள் அக்கா.

சிலிண்டரில் கொண்டுவந்திருந்த சோதனை வாயுவைக் குழாய் வழியாகக் கொடுத்தாள். 25 காட்டவேண்டிய இடத்தில் 23. குழாயில் ஓட்டையா, ஃபில்டர் ஈரமா, சிலிண்டர் காலாவதியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சரி.

"காலையில கடையில நல்லாத்தான் இருந்துச்சு. சென்சர் போயிடுச்சு போல."

"ரெண்டுதானே வித்தியாசம், தங்கச்சி. காத்து ஊதுற பிளோவர் விடியலிலேர்ந்து ஓடுது. அலாரம் அடிச்சா ஏறி வந்துடறேன்." அவர் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"அக்கா, கார்ல டுரியான் இருக்கு."

"எங்க?"

"உன் சீட்டுக்குப் பின்னால. ஒண்ணு பிளந்தது."

அக்கா டிடெக்டரையும் காரையும் மாறிமாறிப் பார்த்தாள். டுரியான் வாடையிலும் கந்தகச் சரக்கு உண்டு. காருக்குள் இருந்த அந்த இரண்டையே டிடெக்டர் பூஜ்யம் என்று நம்பிவிட்டது; அதனால்தான் வெளியே மைனஸ் இரண்டு. காற்று வரும் திசையில் தள்ளிப்போய், திறந்தவெளியில் மறுபடி பூஜ்யம் வைத்தாள். சோதனை வாயு கொடுத்ததும் சரியாக 25.

பிறகு குழாயைத் தொட்டிக்குள் இறக்கினாள். 11. அலாரம் அடித்தது.

அலாரம் பத்தில் அடிக்கும். பழைய கணக்கில் ஒன்பது காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கும். சேவியர் அண்ணன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஏணியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

பிளோவர் இன்னும் இரண்டு மணி நேரம் ஓடியது. 12.10க்குப் பூஜ்யம் வந்த பிறகே இறங்கினார். ஒன்றரைக்குச் சேறும் சகதியுமாக மேலே வந்து, கை கழுவி, "எங்க தம்பி அந்தக் குற்றவாளி? சாட்சிய அழிக்கணும்ல" என்று மூன்று பழத்தையும் அவரே முடித்தார்.

இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு: மழை பெய்தால் காத்திருங்கள், காருக்குள் பூஜ்யம் வைக்காதீர்கள். வாசனைத் திரவியம், கை கழுவும் ஜெல்கூட டிடெக்டரைக் குழப்பும். மைனஸ் காட்டினால் சென்சரைத் திட்டுவதற்கு முன், கடைசியாக எந்தக் காற்றில் பூஜ்யம் வைத்தோம் என்று யோசியுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு: குறும்பு செய்யுங்கள், தப்பில்லை. யாராவது ஏணியில் கால் வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். நான் ஒரு கால் தாமதம்.