யார் வீட்டுக்கும் பத்து நிமிடம்

கொழும்புத்துறையில் அருட்பிரகாசம் கிளாக்கர் திறக்காத வாசற்படலை கிடையாது. ஆறுதலாக இருந்து எழும்பிய கதிரையும் கிடையாது.

கடற்றொழிலாளர் சங்கத்தில் முப்பது வருடம் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு என்பது கடிதத்தோடு மட்டும்தான். செத்தவீடு, கலியாணவீடு, முதல்நன்மை, பிள்ளைப்பேறு என்று எதையும் தவறவிடமாட்டார். எந்த வீடானாலும் பத்து நிமிடம். சைக்கிளை எப்போதும் வீதியைப் பார்த்தபடி நிறுத்துவார். உள்ளே போய், வீட்டுக்காரரின் பார்வை விழும் இடமாகத் தேடி நின்று, கையைப் பிடித்து ஒரு பெருமூச்சு விடுவார். முகம் பதிந்துவிட்டது என்று தெரிந்ததும் பின்பக்கத்தால் மறைந்துவிடுவார். செத்தவீட்டில் பிணத்தைக்கூட அவர் சரியாகப் பார்த்ததில்லை. பிணத்தின் மூத்த மகன் அவரைப் பார்த்தால் போதும்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் யுத்த காலம். மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. கடலுக்கு இறங்க வழியில்லாமல் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஊரில் எல்லாரிடமும் மிஞ்சிக் கிடந்த ஒரே பொருள் நேரம்தான். அதுவும் இல்லாமல் தவித்த ஒரே மனிதர் நம் கிளாக்கர்.

அவருடைய மனைவி மக்டலீனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசை. பின்னேரத் தேத்தண்ணியை அவர் தன்னோடு இருந்து குடிக்கவேண்டும். முப்பத்திநாலு வருடமாக நாலு மணிக்கு இரண்டு கோப்பை ஊற்றுவாள். ஒன்று ஆறிப்போகும்.

"இஞ்சாருங்கோ, இருந்து குடியுங்கோவன்."

"ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டு ஓடி வாறன்."

ஓடுவது உண்மை. வருவது விளக்கு வைத்த பிறகு.

வைகாசி வெயிலில் ஒருநாள் காலை குருநகரில் செத்தவீடு, மதியம் கோப்பாயில் கலியாணவீடு. இரண்டுக்கும் சைக்கிள் மிதித்தார். கோப்பாயில் மாப்பிள்ளையின் தகப்பன் கனகசபாபதியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, தலையைத் துயரத்தோடு ஆட்டி, "என்ன செய்யிறது, ஐயா. எல்லாம் ஆண்டவற்றை சித்தம். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ" என்றார்.

கனகசபாபதி பக்கத்தில் நின்ற சம்பந்தியை ஒருமுறை பார்த்தார். "ஓம் கிளாக்கர், இனி வேறை வழியில்லை" என்றார்.

திரும்பும் வழியில் கிளாக்கர் தலைசுற்றிச் சைக்கிளோடு வேலியில் சாய்ந்தார்.

"ஓடி ஓடியே சாகப்போறீரோ?" என்று டொக்டர் சீறினார். "இனி ஒரு நாளைக்கு ஒரு வீடு. போற இடத்திலை ஆறுதலாய் இரும்!"

அந்த ஒரு வீடு தன் வீடுதான் என்று மக்டலீன் நினைத்தாள். அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தினாள். பாவம்.

அடுத்த கிழமை பின் ஒழுங்கையில் குடியிருந்த லூர்த்தம்மா கண்ணை மூடினாள். அறுபது வயது, விதவை. கிளாக்கர் டொக்டரின் சொல்லை அப்படியே நிறைவேற்றினார். பெட்டியின் தலைமாட்டில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

பத்து நிமிடம் ஆனதும் சனங்கள் பழக்கத்தில் அவருக்கு வழிவிட்டார்கள். அவர் எழும்பவில்லை. அரை மணித்தியாலத்தில் ஒருவர் வெளியே போய் அவருடைய சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டதோ என்று அமத்திப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்தில் செத்தவளின் தம்பி பிலிப்பு காதருகே குனிந்தான்.

"கிளாக்கர் ஐயா, ஏதும் சுகமில்லையோ?"

"சுகமாய்த்தான் இருக்கிறன். ஆறுதலாய் இருந்து பாக்கிறன்."

அவ்வளவு நேரம் ஒரு முகத்தை அவர் பார்த்ததே இல்லை. ஒருகாலத்தில் தனக்குக் காய்ச்சல் வந்தபோது இந்த மனுசி கஞ்சி கொண்டுவந்தது ஞாபகம் வந்தது. அன்றும் கோப்பையை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை கதைக்காமல் அனுப்பிவிட்டார். மூன்றாவது மணித்தியாலத்தில் கண்ணீர் வழிந்தது.

அடுப்படியில் நின்ற பெண்களுக்கு அது போதும்.

"உவர் ஏனடி அழுகிறார்?"

"அந்தக் காலத்திலை என்னவோ இருந்திருக்குது!"

பெட்டி மூடுமுன்னே குசினிக்குள் நாற்பது வருடக் காதலொன்று பிறந்து, வளர்ந்து, கண்ணீரோடு பிரிந்தும் விட்டது. காதல் கடிதத்தைத் தன் கண்ணால் கண்டவளும் ஒருத்தி இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்.

நாலு மணித்தியாலம் இருந்துவிட்டு அவர் வீடு வந்தபோது கதை முந்திக்கொண்டு வந்திருந்தது. மக்டலீன் ஆறிய கோப்பையோடு வாசலில் நின்றாள்.

"மாதாவாணை, அப்பிடி ஒண்டும் இல்லை!" என்று பதறினார்.

"காதலோ கத்தரிக்காயோ, எனக்கு அது தேவையில்லை. நாலு மணித்தியாலம் இருந்தனீங்களோ?"

"இருந்தனான்."

"செத்தவளுக்கு நாலு மணித்தியாலம். உயிரோடை இருக்கிற எனக்குப் பத்து நிமிஷமும் இல்லை. நானும் பெட்டிக்குள்ளை படுத்தால்தான் பக்கத்திலை இருப்பியளோ?"

ஆயிரம் வீடுகளில் பெருமூச்சு விட்ட மனிதர் அந்த ஆறிய கோப்பையை வாங்கி, நின்றபடியே குடித்தார்.

மறுநாள் நாலு மணி. இரண்டு கோப்பை. கிளாக்கர் குசினி வாசலில் இருந்தார். அந்த நேரம் பார்த்துக் கோயிலில் துக்கமணி அடித்தது. யாரோ போய்விட்டார்கள். அவருடைய கால்கள் தாமாகவே எழும்பின. செத்தவீட்டுக்குப் போடும் வெள்ளைச் சேட் கொடியில் ஆடியது. மக்டலீன் தலை நிமிரவில்லை. பனங்கட்டியை உடைத்துக்கொண்டே இருந்தாள்.

கிளாக்கர் மறுபடி இருந்தார்.

கிளாக்கர் வராத செத்தவீட்டை ஊர் அன்றுதான் முதன்முதல் கண்டது. லூர்த்தம்மாவின் பிரிவைத் தாங்காமல் அவர் கடைசி மூச்சில் கிடக்கிறார் என்று அங்கேயே முடிவாயிற்று. கால் மணித்தியாலத்துக்குள் அவருடைய படலையில் ஏழெட்டுச் சைக்கிள்கள், எல்லாம் வீதியைப் பார்த்தபடி. முதலில் பிலிப்பு வந்தான். கிளாக்கரின் பார்வை விழும் இடமாகப் பார்த்து நின்று, கையைப் பிடித்து, பெருமூச்சு விட்டான். அது யாருடைய பெருமூச்சு என்று கிளாக்கருக்குத் தெரிந்தது.

மக்டலீன் வழக்கம்போலத் தன் கோப்பையோடு எழும்பி உள்ளே போகத் திரும்பினாள். கிளாக்கர் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"பிலிப்பு, உம்மடை முகத்தை வடிவாய்ப் பாத்திட்டன். வெளியிலை நிக்கிற ஆக்களின்ரை முகங்களையும் பாத்ததாய்ச் சொல்லும். போகேக்கை படலையைச் சாத்திவிடும்."

"ஏன் ஐயா, வருத்தம் கடுமையோ?"

"இல்லை. தேத்தண்ணி ஆறுது."

மூளை கலங்கிவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. அன்று அந்த ஒரு கோப்பையைக் குடித்து முடிக்க அவருக்கு ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்தது.

"கெதியாய்க் குடியுங்கோ, கோப்பை கழுவ வேணும்" என்றாள் மக்டலீன். ஆனால், அவளும் எழும்பவில்லை.