பழம் முடியட்டும்

பழைய புத்தகம் எதைக் கையில் எடுத்தாலும் அக்கா முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பாள். முடிவைத் தெரிந்துகொள்ள அல்ல, முடிவு இருக்கிறதா என்று பார்க்க. ஏற்காடு ஏரிக்குப் போகும் சாலையில் இருந்த முருகேசன் அண்ணனின் பழைய புத்தகக் கடைக்கு வரும் காமிக்ஸ் பெரும்பாலும் விடுதிகளில் எடைக்குப் போட்டவை. பையன்கள் கடைசித் தாளைக் கிழித்து ராக்கெட் விட்டிருப்பார்கள். நான் ஆறாவது படித்த காலத்திலிருந்து அவளுடைய இந்தப் பழக்கத்தைக் கவனித்து வருகிறேன்.

அக்கா பெயர் தேவகுமாரி. வயது முப்பத்தைந்து. அப்பா இறந்த வாரமே காப்பி எஸ்டேட்டில் அவர் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயர் ஏறியது. நாங்கள் குடியிருக்கும் லைன் வீடு எஸ்டேட்டுடையது. வீட்டுக்கு ஒரு ஆள் வேலையில் இருந்தால்தான் அதில் இருக்க முடியும். அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. நான் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான்; இப்போது அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறேன். அக்காவைப் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் சேலத்துக்காரர்கள். அவள் மலையிறங்கினால் வீடு போய்விடும் என்பதால் இரண்டு பேச்சும் பாதியில் நின்றன.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுடையது. பஸ் பிடித்துக் கடைக்குப் போய்விடுவாள். அங்கே அட்லஸ், சமையல் குறிப்பு, பரீட்சை கைடு, சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன தடித்த இங்கிலீஷ் நாவல், முதுகு பிரிந்த காமிக்ஸ் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். தரையில் உட்கார்ந்து பிரிப்பாள். ஒரே இதழில் இரண்டு கிடைத்து, ஒன்றில் நடுவும் மற்றதில் கடைசியும் இல்லையென்றால், நல்ல தாள்களைச் சேர்த்துச் சாக்கு ஊசியால் ஒரே புத்தகமாகத் தைத்துவிடுவாள். அதற்குப் பதிலாக வேண்டியதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தருவாள்.

"ஏனம்மிணி, குதிரைக்காரன் கதைக்குத் துப்பறியறவன் வாலைத் தெச்சுப்புட்டயே?" என்று முருகேசன் அண்ணன் ஒருநாள் கத்தினார்.

"இருக்கட்டுங்கண்ணா. முத பக்கத்துல இருந்து குதிரை மேலயே குந்தியிருக்கான். கடைசியிலயாவது கார்ல போவட்டும்."

போன ஐப்பசியில் அவர் சேலத்தில் பெரிய கடை பிடித்தார். இங்கிருக்கும் கடையை அக்காவே நடத்தட்டும் என்றார். "நொம்ப நாளா யோசிச்சுத்தான் கேக்கறேன் அம்மிணி. வர்றதுல பாதி உனக்கு. மூட்டை நான் கொண்டாந்து போடறேன். ஊட்டுல கேட்டுட்டுச் சொல்லு."

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா மடியில் இருந்த புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

ஏற்காட்டில் வாடகை வீடுகளில் பாதி இப்போது ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. மீதியில் குடியேற அந்த வருமானம் காணாது. ஒரே வழிதான் இருந்தது. எஸ்டேட் ஆபீசில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் அதைச் சொன்னார். "உந்தங்கச்சி பேரைப் போட்டுட்டு நீ நின்னுக்க. எனக்கு ஊட்டுக்கு ஒரு ஆள் வேணும். அது ஆரா இருந்தா என்ன?"

சாயங்காலம் நான் அக்காவிடம் சொன்னேன். "நான் எஸ்டேட்டுக்குப் போறேங்க்கா. பரீட்சையைப் பொறவு பாத்துக்கலாம்."

அவள் சிரித்தாள். "நீயா? பச்சைக்காயும் பழமும் சேத்து உருவி, எனக்கும் சேத்து ஏச்சு வாங்கித் தருவ."

"பழகிக்குவேன்."

"அதாங் கண்ணு பயம். நானும் ஒரு வருசத்துக்குன்னுதான் போனேன்."

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பாமல், "ஆரு போனாலும் போங்க, ஊடு இருக்கோணும்" என்றாள். அக்கா எழுந்து வெளியே போனாள். அப்போது எனக்குள் வந்தது நிம்மதி. அவள் மறுப்பாள் என்று தெரிந்துதான் கேட்டேனா? இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு முருகேசன் அண்ணன் கேட்டபோது, "பழம் முடியட்டுங்கண்ணா, சொல்றேன்" என்றாள் அக்கா.

அவர் மலைக்குக் கீழே இருந்து வந்தவர், கீழ்நாட்டுக்காரர். காப்பிப் பழத்தை நெல் அறுப்பதுபோல ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக் கார்த்திகை முடியும்வரை காத்திருந்தார். காப்பியில் அப்படி முடியாது; பழுத்ததை மட்டும் எடுத்துவிட்டு, மற்றது பழுக்கப் பழுக்க மறுபடி மறுபடி அதே செடிக்கு வர வேண்டும். பிறகு உதிர்ந்ததைப் பொறுக்க வேண்டும். மாசிவரை இழுக்கும். கல்யாணமோ வழக்கோ, முகத்துக்கு நேரே முடியாதென்று சொல்ல மனமில்லாதபோது எங்கள் லைனில் 'பழம் முடியட்டும்' என்பார்கள். கேட்டவரும் பிறகு கேட்க மாட்டார். அது தெரியாத முருகேசன் அண்ணன் மார்கழியில் மறுபடி வந்து கேட்டார்.

"இன்னும் முடியலீங்கண்ணா."

தை பிறந்ததும் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் அதை வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். அங்கே இப்போது சாக்லேட் விற்கிறார்கள். பழமும் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டிலேயே இருக்கிறாள்.

போன வாரம் பயிற்சி வகுப்புக்குச் சேலம் போனவள், அவர் கடைக்கும் போனேன். சுவரோரம் பிரிக்காத மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"உங்கக்கா எனக்கு ஒரு பதில் பாக்கி கண்ணு" என்றார். "கடை போனாப் போவுது. இங்க வந்து மூட்டை பிரிச்சாலும் சரி. மாட்டேன்னா, அதை அவ வாயாலயே சொல்லோணும்."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். அக்கா செடி வெட்டும் கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கூர் சரிதானா என்று கட்டைவிரலால் பார்த்தாள்.

"சொல்றேன்னு சொல்லு" என்றாள்.

அவள் இன்னும் சொல்லவில்லை.