டிவியை அணைக்கும் கடைக்காரர்

இலங்கை அரசாங்கத்தாரே, நீங்கள் இரட்டை வேடக்காரர்கள். காசாவுக்காக ஐ.நா.வில் அழுகிறீர்கள். அதே காசாவில் குண்டு போடும் இஸ்ரேலிடம் போர் விமானங்களைப் பழுதுபார்த்து வாங்குகிறீர்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளையும் அங்கே கூலி வேலைக்கு அனுப்புகிறீர்கள். என் மகனும் போனான்.

கொடகவெல பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் இருக்கிறார்; அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, தூக்கம் இல்லாமல் சிவந்த கண்கள். கடை டிவியில் நாள் முழுக்கக் காசாச் செய்திதான் ஓடும். மகன் அங்கே இருப்பது தெரிந்து, நான் படியேறினால் மட்டும் அணைத்துவிடுவார்.

இஸ்ரேலில் ராக்கெட் விழுந்த அன்று மகன் போனை எடுக்கவில்லை. அவர் கடையை மூடிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மகன் பேசும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்.

"நானா, எம்புள்ள அங்க வேல செய்றான்னு ஒங்களுக்குக் கோவம் இல்லீங்களா?"

"வவுத்துக்குப் போன புள்ளயோட என்ன கோவம், தங்கச்சி? அங்க குண்டு விழுந்து மவுத்தாகுற புள்ளைகளுக்கும் அல்லாட்ட துஆ கேக்குறேன், ஒங்கட மகனுக்கும் கேக்குறேன். ரெண்டையும் சேத்துக் கேக்கிற நேரம்தான் துஆவ முடிக்க ஏலாமப் போகுது."

சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். எனக்கு ஊற்றிய தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

தேர்தலுக்கு மேடை போட்டீர்களே, அந்த பஸ் நிலையத்துக்கே வாருங்கள். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, ஊரே கேட்கும்படி ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்: நீங்கள் யார் பக்கம்?