யாமினிக்குக் கிடைத்த டிரைவர்

ஜெராக்ஸ் கடையில் நிற்பவர்களுக்கு ஊரில் எல்லாருடைய ஆதாரும் பட்டாவும் அத்துப்படி. ஆனால் அடுத்தவர் சந்தோஷத்தைப் பக்கம் பக்கமாக எடுத்துக் கொடுத்துவிட்டு வயிறு எரிய நிற்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய கஷ்டம்.

எங்கள் கடை மலைமேல், செம்மேடு பஸ் ஸ்டாண்டு பக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. திருநங்கை. சேலத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு, அமுதா என்ற பெயரோடு சொந்த மலைக்கே திரும்பி வந்து இந்த வேலையில் சேர்ந்தேன். கூட வேலை செய்கிற நித்யா என்னைவிட இரண்டு வயது சின்னவள். கவுன்டருக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

ஜோடிப் படம்

கல்யாணத்தைப் பதிவு செய்ய வருகிறவர்களுக்கு நாங்களே படமும் எடுத்துக் கொடுப்போம். ஒரு நாள் குண்டூர் நாட்டிலிருந்து (எங்கள் மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்போம்) புது ஜோடி ஒன்று வந்தது. மாப்பிள்ளை அவள் காதோரம் பறந்த முடியைச் சொருகிவிட்டான். அவள் வெட்கப்பட்டுக் கையைத் தட்டிவிட்டாள். அவன் மறுபடியும் சொருகினான். எனக்கு வந்த எரிச்சலில் முதல் மூன்று படத்திலும் அவனுக்குத் தலை பாதிதான் வந்தது.

நாலாவதைக் கவரில் போட்டு நீட்டினேன். அந்தப் பெண் என் பொட்டையும் பூவையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்கக்கா, உங்க ஊட்டுக்காரரும் இப்படித்தான் பாடாப் படுத்துவாருங்களா?"

கறுத்த முகம்

பழனி பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். அன்னாசியும் மரவள்ளிக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மலையிறங்குவான். வாரத்துக்கு ஒருமுறை எதையாவது ஜெராக்ஸ் எடுக்க வருவான். அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே நான் முந்தானையைச் சரிசெய்துகொள்வேன். அவனோ நேராக நித்யாவிடம் போய் நின்று வளவளவென்று பேசுவான். என் பக்கம் திரும்பினால் மட்டும் வாயைக் கட்டிப்போட்டது மாதிரி ஆகிவிடுவான்.

ஒரு நாள் லைசென்ஸோடு வந்திருந்தான். நித்யா ஏதோ சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மெஷினில் கறுப்பைக் கடைசிவரை ஏற்றி வைத்து பட்டனை அழுத்தினேன். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "ஏனுங்க, எழுத்தெல்லாம் தெரியுது, எம் மூஞ்சியைத்தான் காணமுங்க."

டீச்சரம்மாவின் தொடர்கதை

டீச்சரம்மா ஒருவர் போனில் படிக்கிற தொடர்கதையைக் கண் வலிக்கிறது என்று பிரின்ட் எடுக்கக் கொண்டுவந்தார். தாள் வரவர நான் மேலோட்டமாகப் படித்தேன். கதாநாயகி யாமினி ஒரு திருநங்கை. மலைமேல் ஜெராக்ஸ் கடையில் வேலை. அவளை ஒரு வேன் டிரைவர் காதலிக்கிறான். மழையில் அவளுக்காக வண்டியை நிறுத்துகிறான், மிளகுக்கொடி ஓரமாக அவள் கையைப் பிடிக்கிறான்.

எட்டாவது பக்கத்தை மெஷினிலிருந்து உருவி முழுசாகப் படித்தேன். யாமினி வீட்டைவிட்டுப் போன அன்று அவள் அப்பா அவளுடைய சாப்பாட்டுத் தட்டைக் கிணற்றில் வீசுகிறார். அது என் தட்டு. என் அப்பா. நித்யாவைத் தவிர யாரிடமும் அதை நான் சொன்னதில்லை. என் அழுகையை எடுத்துக்கொண்டார்கள் சரி, எனக்குக் கிடைக்காத டிரைவரையும் அல்லவா இந்த யாமினிக்குக் கொடுத்திருக்கிறார்கள்! டீச்சரம்மா தாள்களை அடுக்கிக்கொண்டே பெருமூச்சு விட்டார்: "என்ன கஷ்டம் வந்தா என்னங்க, இந்தப் பொண்ணு கொடுத்து வச்சவ."

நித்யாவின் பதில்

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நீதானே எழுதினாய் என்று நித்யாவைக் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் படிக்கிறார்களாம், தினமும் பாராட்டு வருகிறதாம். "என்னைக் கேட்டியா?" என்றேன். "ஊரு பேரை மாத்திட்டேனுங்கக்கா" என்றாள். "அந்தத் தட்டையும் மாத்தியிருக்கணும்" என்று கத்தினேன். அவள் போனை எடுத்து, என் கண்ணெதிரிலேயே கதை முழுவதையும் அழித்தாள். அழித்துவிட்டு அழுதாள்.

எனக்குக் கோபம் தணியவில்லை. உனக்கென்ன குறை, அம்மா அப்பா இருக்கிறார்கள், மாமன் மகனோடு நிச்சயமாகிவிட்டது, எல்லாரும் உன்னோடுதான் சிரித்துப் பேசுகிறார்கள் என்று பொரிந்து தள்ளினேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என்கிட்டப் பேசிக்கிட்டே அவரு உங்களைத்தான் பார்க்கறாருங்கக்கா. என்னை ஒருத்தரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்த வயித்தெரிச்சல்லதான் எழுதுனேன்."

முடிவு தெரியாத கதை

அடுத்த வாரம் பழனி வந்தான். நித்யா வேண்டுமென்றே டீ வாங்கப் போய்விட்டாள். அவன் கையில் தாள் எதுவும் இல்லை. "அந்த யாமினி கதையை எடுத்துட்டாங்களாமே, கடைசியில அவ சரின்னு சொன்னாளாங்க?" என்று கேட்டான். அவனும் படித்திருக்கிறான்! "யாமினியை அவ்வளவு பிடிச்சிருச்சா?" என்றேன். "நல்ல புள்ளைங்க. தைரியமான புள்ள" என்றான்.

கதையில் மட்டுமே இருக்கிற ஒருத்தியை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவளைத் தேடிக்கிட்டு கதைக்குள்ளேயே போங்க. நான் அவ்வளவு நல்லவ கிடையாது. உங்க மூஞ்சியை வேணும்னேதான் கறுப்பாக்குனேன்" என்றேன். அவன் சத்தமாகச் சிரித்தான். அப்புறம் கவுன்டரையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "உங்களைப் பத்தி எங்கம்மாகிட்டச் சொல்லிட்டனுங்க. ஒரு வாரம் பேசல. நேத்துத்தான் வாயைத் திறந்து, வர்ற ஞாயித்துக்கிழமை பலா அறுக்கறோம், அந்தப் புள்ளைய வரச் சொல்லுன்னுச்சு. வாரீங்களா?"

அத்தை மகள்

போனேன். பைல் நாட்டில் ரோட்டோரமாகவே வீடு. அங்கே அவனுடைய அத்தை மகள் பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு பலாவைப் பிளந்துகொண்டிருந்தாள். பழனி அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தான். நான் அவளை எப்படிப் பார்த்தேனோ தெரியாது. அவன் அம்மா என்னைக் கொஞ்ச நேரம் கவனித்தார். எண்ணெய்க் கிண்ணத்தை என் முன்னால் நகர்த்தி வைத்தார்: "அவளுக்கு ஆவணியில கல்யாணம், கண்ணு. அவளை முறைச்சது போதும், கையில எண்ணெயைத் தடவிக்கிட்டு உட்காரு."

காதல் கைகூடிவிட்டால் பொறாமை தீர்ந்துவிடும் என்று கதை எழுதுகிறவர்கள் ஒரு நாள் எங்கள் கடையில் வந்து நின்று பார்க்கட்டும், இப்போதெல்லாம் அந்தப் பிக்கப்பின் முன்சீட்டில் யார் ஏறுகிறார்கள் என்று பார்ப்பதற்கே எனக்குப் பாதி நாள் போய்விடுகிறது.