நாற்பத்து நான்கு எழுத்து

அவளுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பாள் அக்கா. புருஷன் வீட்டிலேயே கடிகாரம் பழுதுபார்ப்பவன். எதையும் நிதானமாகத்தான் செய்வான். வேறு வீடு பார்க்கலாம் என்று அவள் சொல்லி ஆறு மாதமாகியும் அவன் அசையவில்லை. பொறுமை போய், பதினோரு நாளைக்கு முன் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

ஆனால் பிழைப்பு அவன் இருக்கும் வீட்டு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. அவள் வீட்டு ரவுட்டரிலிருந்து வந்தால்தான் மருத்துவமனைக் கம்ப்யூட்டர் உள்ளே விடும். அதற்காகவே ரவுட்டரில் விபிஎன் போட்டு, அக்கா வீட்டிலிருந்து தன் வீட்டுக்கு இணையத்தில் ஒரு சுரங்கப்பாதை வைத்திருந்தாள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை விட்டுவைத்தாளா? பாதையைத் திறக்கும் ரகசிய எழுத்துச் சாவியை மாற்றினால் பாதுகாப்பு என்று எங்கோ படித்தாள். அந்தப் பாதை வழியாகவே ரவுட்டருக்குள் போய், அவசரத்தில் தவறான சாவியை ஒட்டிச் சேமித்தாள். அவ்வளவுதான், பாதை அடைபட்டது. தன்னைத் தானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மதியம் மணி இரண்டு. முடித்து வைத்த பதினெட்டு அறிக்கைகளும் மூன்றுக்குள் போகாவிட்டால் நாளையிலிருந்து வேலை வேறொருத்திக்கு. போன வாரமே எச்சரித்திருந்தார்கள். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். கடைசியில் அவனுக்கே போன் போட்டாள்.

"நான்தான். ரவுட்டர்ல ஒரு சாவிய மாத்தணும். இல்லன்னா வேலை போயிடும்."

"சொல்லு" என்றான், நேற்றுப் பேசியவன் மாதிரி.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, அவள் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டினான். மொத்தம் நாற்பத்து நான்கு எழுத்து.

"பெரிய கே, எட்டு, சின்ன எம்..."

"இரு. எட்டுக்கு அப்புறம்?"

"சின்ன எம். சீக்கிரம்ங்க."

"சீக்கிரமா போட்டதுனாலதான இவ்வளவும்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். முடித்த பிறகும் அவன் விடவில்லை. "நான் படிக்கிறேன், நீ சரிபாரு" என்றான். மணி இரண்டே முக்கால். ஒவ்வொரு எழுத்துக்கும் 'ம்' கொட்டினாள். பதினேழாவது எழுத்து தப்பாக இருந்தது. அதைத் திருத்திச் சேமித்ததும் பாதை திறந்தது. மூன்றடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் கடைசி அறிக்கையும் போய்ச் சேர்ந்தது.

அவன் இன்னும் லைனில் இருந்தான்.

"போயிடுச்சு" என்றாள்.

"சரி. இனிமே தூரத்துல இருந்துக்கிட்டு எதையும் மாத்தாத. மாத்தணும்னா வீட்டுக்கு வந்து மாத்து."

போனைக் காதோடு வைத்தபடி அவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வீடு ஒண்ணும் பாக்கல நான்" என்றான் அவனே.

"தெரியும். நான் பாக்கறேன்" என்றாள். "நீங்க சரிபாருங்க."