பால்மா டின்னுக்குள் இருந்த ஒல்லாந்தர் காசுகள்

ஈரமணலில் முழங்காலிட்டு, இயர்போனைச் செருகிய காதைக் கையால் பொத்தியபடி குனிந்திருக்கும் உருவம்தான் அவனை நினைக்கும்போது முதலில் வருகிறது. வெள்ளவத்தையில் கால்வாய் கடலோடு சேரும் இடம் அது. கடல் கொந்தளித்து மணலை அரித்துப்போன மறுநாள் காலைகளில் அங்கே நாங்கள் இருவரும் பழங்காசு தேடுவோம்.

அவன் மலையகத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். மருதானையில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு மாளிகாவத்தையில் ஒற்றை அறையில் குடியிருந்தான். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் அறை எடுத்து, கொள்ளுப்பிட்டியில் கிளாக்கராக இருந்தேன். என் ரேடியோவைத் திருத்த வந்தவன் நண்பனானான். உதிரிப் பாகங்களைக் கொண்டு அவனே ஒரு மெஷின் செய்திருந்தான். கூட்டும் தும்புத்தடியின் கம்பு முனையில் செப்புக்கம்பிச் சுருள், நடுவில் சவர்க்காரப் பெட்டிக்குள் பற்றரியும் வயர்களும். மணலுக்குள் உலோகம் இருந்தால் காதில் மெல்லிய ரீங்காரம் கேட்கும்.

ஒல்லாந்தர் காலச் செப்புக்காசுகள், வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பித்தளைப் பொத்தான்கள், ஒருமுறை வளைந்துபோன ஒரு கரண்டி. எல்லாவற்றையும் என் அறையில் ஒரு பால்மா டின்னில் சேர்த்தோம். விற்கும் எண்ணம் இருவருக்கும் இருக்கவில்லை. ஒரு பொத்தானை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக்கொண்டே, “இதத் தச்சுக் குடுத்தவ எந்த ஊரோ, அவன் திரும்பிப் போனானோ இல்லியோ” என்றான். நாடு எரிந்துகொண்டிருந்த காலத்தில், எப்போதோ முடிந்துபோன யாருடையவோ வாழ்க்கையைப் பற்றிக் கவலைப்படுவது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தயங்கினான். நகரத்தில் குண்டு வெடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“இன்னிக்கு வேணாம்ண்ணே. செக்கிங் ரொம்ப.”

“ரெண்டு நாளாக் கடல் அடிச்சிருக்கு. இண்டைக்கு விட்டா மணல் மூடிப்போடும்” என்றேன் நான்.

கடற்கரையிலிருந்து திரும்பும்போது ஒழுங்கை பெருந்தெருவோடு சேரும் முனையில் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். சிப்பாய் ஒருவன் நண்பனின் தோள்பையைத் திறந்தான். வயர், பற்றரி, அன்று கிடைத்த பழைய ஈயக்குண்டு ஒன்று. “மேக மொகத்த?” இது என்ன என்று கேட்டபோதே துப்பாக்கி உயர்ந்துவிட்டது. அவன் நல்ல சிங்களத்தில் பழங்காசு தேடும் கதையைச் சொன்னான். யாரும் நம்பவில்லை. பிறகு என்னைக் காட்டி, இவர் யாரென்று கேட்டார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அது அவனுக்குத் தெரியும்.

“தெரியாது. வழியில கூட வந்தவர்” என்றான் சிங்களத்தில், என் முகத்தைப் பாராமல்.

நான் அட்டையை எடுத்து நீட்டினேன். என் வேலை அட்டையையும் வாங்கிப் பார்த்துவிட்டு, அவன் சொன்னதை நம்பி என்னைப் போகச் சொன்னார்கள். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அறைக்கு வந்ததும் டின்னைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க்குப் போனேன். காசுகளையும் பொத்தான்களையும் பிடிபிடியாகத் தண்ணீரில் எறிந்தேன். அறையைச் சோதிக்க வந்தால் என்ன செய்வேன் என்ற பயம் தவிர வேறெதுவும் அப்போது மனதில் இல்லை. யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் அவன் மனைவி வந்தாள். சின்னப்பிள்ளை இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

“அந்தக் காசெல்லாம் கொண்டாந்து காட்டுனா நம்புவாங்கன்னு லோயர் சொல்றாருண்ணே. ஒங்ககிட்டதான் டின் இருக்குன்னு அவரு சொல்லியனுப்புனாரு.”

அவனுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான் என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

“பொலிஸ் வந்து அறையைச் சோதிச்சவங்கள். டின்னையும் எடுத்துக்கொண்டு போயிட்டாங்கள்” என்றேன்.

அவள் போய்க் கேட்டிருக்கிறாள். அப்படி எதுவும் எடுக்கவில்லை என்றார்களாம். அவர்கள்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கால்வாயில் இறங்கித் தேடலாம் என்று ஒவ்வொரு நாளும் எண்ணினேன். இறங்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து அவனை வெளியே விட்டார்கள். மருதானை ரயில் ஸ்டேஷனில், குடும்பத்தோடு தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவனைக் கண்டேன். ஒரு காது கேட்கவில்லை. கடையில் அவனைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. நான் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது.

“ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலியேண்ணே?” என்று முதலில் கேட்டான். பிறகு கேட்காத காதைத் தடவிக்கொண்டே சொன்னான்: “ஒரு விஷயந்தான் வெளங்கல. காசெல்லாம் அவங்க கையில இருந்துச்சு. பாத்திருப்பாங்க. நான் சொன்னது நெசமுன்னு தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சே அடிச்சிருக்காங்களே அண்ணே, மனுசன் அப்படியும் இருப்பானா?”

பதுளை ரயில் வந்து நின்றது. பெட்டியில் ஏற அவனுக்கு மனைவி கை கொடுத்தாள். நான் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றிவிட்டேன்.