பின்சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம்

ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து இறங்கி நாயுடுபுரத்துப் பாதைக்கு வந்த பிறகுதான் பங்களாக் கார் டிரைவரின் கைக்கடிகாரம் என் சட்டைப்பையில் இருப்பது தெரிந்தது. கட்டுப் போடுவதற்கு முன் நர்ஸ் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார். திரும்பிப் போய்க் கொடுத்திருக்கலாம். அந்தக் கட்டிலருகே இன்னொரு தரம் நிற்கத் தெம்பில்லை. அவர் சம்சாரத்துக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

மேகம் ரோடு வரை இறங்கியிருந்தது. ஒரு டீக்கடையைக் கடந்தபோது பாய்லரிலிருந்து ஆவி சீறியது. நான் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டேன். கடைக்காரர், "என்ன தம்பி, பாம்பா?" என்று சிரித்தார். அந்தக் கார் கீழே இறங்கும்போது விடுகிற மூச்சும் அதே மாதிரிதான் இருக்கும்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கொழும்பில் ஒரு பட்டறையில் நான்கு வருடம் இருந்தேன். கப்பலேறி இந்தப் பக்கம் வந்த பிறகு மூட்டை தூக்கினேன், பிளம்ஸ் தோட்டத்தில் களை பறித்தேன், ஒரு வருடம் லாரி ஓட்டினேன். ஓரிடத்தில் ஏதாவது கெட்டுப்போனால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவது என் வழக்கம். கொடைக்கானலுக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் பிரெஞ்சுக் கார் ஒன்று நிற்கிறது, அதற்கு எண்ணெய் மாற்ற இந்த மலையில் ஆளில்லை என்று கேள்விப்பட்டு, அந்த வகைக் காரைக் கொழும்பில் பார்த்திருக்கிறேன் என்று போய்ச் சொன்னேன்.

எஸ்டேட் முதலாளி ஒருவர் ஆசையாக வரவழைத்த கார் அது. அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி, பங்களாவில் எல்லாருக்கும் 'அம்மா', வைத்திருந்தார். அதற்கு ஸ்பிரிங் கிடையாது. குழாய்களில் ஓடும் சிவப்பு எண்ணெயின் அழுத்தம்தான் வண்டியைத் தாங்கும். இஞ்சினை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் தரையோடு படுத்துவிடும். மறுபடி கிளப்பினால் மாடு எழுவது போலப் பின்பக்கம் முதலில் எழும். அந்த எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். கொடைக்கானல் ஈரத்தில் அது டீ டிகாக்‌ஷன் மாதிரிக் கறுத்துப் போயிருந்தது. பம்பாயிலிருந்து புது டின்கள் வந்திருந்தன.

பங்களா ஷெட்டில் நானும் டிரைவரும் காலையிலேயே ஆரம்பித்தோம். அவர் பாலசமுத்திரத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். நாலு யூகலிப்டஸ் கட்டைகளைக் காருக்கடியில் முட்டுக் கொடுத்தோம். கொழும்புப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. வண்டியை இறக்குவதற்கு முன் தகரத்தில் மூன்று தரம் தட்டி, 'இறங்குது' என்று கத்த வேண்டும். தட்டினேன், கத்தினேன், அழுத்தம் விடுகிற திருகைத் திறந்தேன். கார் நீளமாக மூச்சுவிட்டுக் கட்டைகளின் மேல் உட்கார்ந்தது.

"ஏலே சிலோன்காரா, பேதி மருந்தா குடுத்திருக்க?" என்றார் டிரைவர், சட்டியில் விழும் கறுப்பு எண்ணெயைப் பார்த்து.

"ஆமாண்ணே, வயித்தைச் சுத்தம் பண்ணாத்தான் அடுத்த சாப்பாடு."

"நம்ம அம்மா வீட்டுல வேலக்காரனுக்கு முன்னாடி காருக்குத்தாம்லே சாப்பாடு."

வடிகட்டியை ஸ்பிரிட்டில் கழுவி மாட்டினேன். புது எண்ணெய் ஊற்றி, திருகை முடுக்கி, இஞ்சினைக் கிளப்பினேன். கார் எழுந்தது. கட்டைகளை எடுத்துவிட்டோம். கட்டையை எடுத்ததும் வேலை முடிந்தது என்று டிரைவர் நினைத்துவிட்டார். எனக்கு வேலை முடியவில்லை; குழாய்களிலிருக்கும் காற்றுப் போக, லீவரைத் தள்ளி வண்டியை இரண்டு மூன்று தரம் ஏற்றி இறக்க வேண்டும். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

பெரிய வேலை செய்த வண்டி எலுமிச்சம்பழத்தில் ஏறித்தான் வெளியே போக வேண்டும் என்பது அவர் கணக்கு. "சூடம் எடுத்துட்டு வாரேன்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. பங்களாவுக்குள் போய்விட்டார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. முன்சக்கரங்களுக்குப் பழம் வைத்துவிட்டு, பின்சக்கரத்தருகே குந்தியிருந்தார். அந்தக் காரின் பின்சக்கரம் பாதிக்கு மேல் மட்கார்டுக்குள் மறைந்திருக்கும். வலது கையால் பழத்தை வைத்து, இடது கையை டயரின் மேல் ஊன்றியிருந்தார். விரல்கள் மட்கார்டுக்குள் இருந்தன.

நான் சீட்டில் உட்கார்ந்து லீவரை இறக்கினேன். தட்டவில்லை, கத்தவில்லை. ஷெட்டில் என்னைத் தவிர யாருமில்லை என்று நினைத்தவன் யாருக்காகக் கத்துவான்?

அவர் அலறவில்லை. "ஏலே... ஏத்துலே" என்று மட்டும் கேட்டது. லீவரை மேலே தள்ளினேன். பம்பு அழுத்தம் சேர்த்து வண்டியைத் தூக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும், "வெரசாலே... வெரசா" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் லிஃப்டுக்காக நிற்கும்போதும், ரயில் கிளம்பக் காத்திருக்கும்போதும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. கோபமே இல்லாத குரல்.

மூன்று விரல்கள். கியர் போடுகிற கை. விரல்களை எடுக்காமல் காப்பாற்ற முடியுமா என்று ஒரு வாரம் போனால்தான் தெரியும் என்றார் டாக்டர். எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, "வண்டி எறங்கிருச்சுங்க" என்றார் டிரைவர், என் பக்கம் பார்க்காமல்.

நாயுடுபுரத்தில் தகரக் கூரை வரிசையில் கடைசி அறை அவர்களுடையது. அவர் சம்சாரம் வாசலில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார். கடிகாரத்தைக் கொடுத்தேன்.

"மதினி, அண்ணனுக்குக் கையில அடி. உசுருக்கு ஒண்ணுமில்ல."

"எந்தக் கை?"

"எடது."

முறத்தைக் கீழே வைத்தார். "யாரு தம்பி எறக்குனா?"

வீட்டிலும் டிரைவர் காரைப் பற்றியே பேசுவார் போல. அது எப்படி இறங்கும் என்பது இவருக்கும் தெரிந்திருந்தது.

"தானா எறங்கிருச்சு மதினி."

"செய்யும், அது பிசாசு. இவரு அதப் புள்ளயாட்டம் தொடச்சிக்கிட்டுக் கெடந்தாருல்ல." முந்தானையால் கடிகாரத்தைத் துடைத்தார். அழவில்லை. "இந்த ரூமு டிரைவருக்கு விட்ட ரூமு. நாளைக்கே அம்மா வேற ஆளத் தேடுவாக. வேற எவனும் அந்தச் சீட்டுல உக்காந்துட்டா எந்திரிப்பானா?" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நீங்க லாரி ஓட்டுனவருன்னு இவரு சொல்லிருக்காரு. நீங்க உக்காருங்க தம்பி. இவருக்குக் கை வந்தா நீங்க எந்திரிச்சிருவீங்க. உங்கள நம்பலாம்."

ஷெட்டில் என் மூட்டை கட்டியே கிடந்தது. வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் சரி என்றேன்.

மறுநாள் காலை பங்களா அம்மாள் என் லைசென்ஸை வாங்கிப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"ஓட்டுவியா?"

"அண்ணன் கை சரியாகிற வரைக்கும் ஓட்டுறேன்ம்மா."

"சரி. மொதல்ல அவர் சம்சாரத்தை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடு."

மூன்று தரம் தட்டினேன். காரைச் சுற்றி வந்து நாலு சக்கரத்துக்கும் அடியில் குனிந்து பார்த்தேன். பிறகுதான் கிளப்பினேன்.

கஞ்சித் தூக்கோடு டிரைவரின் சம்சாரம் பின்சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். அதுவரை அந்தக் காருக்குள் ஏறியதில்லையாம். ஏரி வளைவில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஏரி வளைவு தாண்டியது.

"ஆடவே இல்லையே தம்பி" என்றார் பின்னாலிருந்து. "போறமா, நிக்கிறமா?"

"போய்க்கிட்டுத்தான் இருக்கோம் மதினி" என்றேன்.